இரண்டு செபங்களுக்கும் ஒரே வாரத்தில் பதில் வந்தபோது

கேட்டது கிடைக்காமல் அழுதவர்களின் சாட்சியை இந்தக் கூட்டத்தில் நிறையக் கேட்டிருக்கிறோம். நான் கேட்ட இரண்டும் கிடைத்து அழுதவள். அதுவும் ஒரே வாரத்தில் கிடைத்து, எது வேண்டும் என்று தெரியாமல், சாப்பாடு இறங்காமல், வேலையில் கவனம் இல்லாமல், ஆண்டவர் மேலேயே கோபப்பட்டு அழுதவள்.

என் பெயர் அமலி. உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். நெல்லித்தோப்பில்தான் இருக்கிறோம். ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக வேலை செய்கிறேன். என் வீட்டுக்காரர் சேவியர் முன்பு மில்லில் இருந்தார். மில்லை மூடிய பிறகு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். சாட்சி சொல்லச் சொல்லி நீங்கள் கேட்கும்போதெல்லாம் நான் நழுவிக்கொண்டே இருந்தேன். மற்றவர்கள் சொல்லும்போது ஓர் இடத்தில் எல்லாம் பளிச்சென்று தெளிவாகிவிடும். என் விஷயத்தில் அப்படி ஓர் இடம் வரவே இல்லை. தெளிவே இல்லாமல் ஒரு சாட்சி சொல்லலாமா என்று எனக்குத் தெரியவில்லை. சேவியர்தான், "நடந்தத நடந்த மாதிரி சொல்லு, போதும்" என்றார்.

எங்களுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் குழந்தை இல்லை. இரண்டு முறை கரு தங்கியது. இரண்டு முறையும் கலைந்து போனது. இரண்டாவது முறை நான் வேலை பார்க்கும் மருத்துவமனையிலேயே படுத்திருந்தேன். தினமும் நான் போர்வை மாற்றிய அதே கட்டில். அதற்குப் பிறகு வைத்தியம் போதும் என்று இருவரும் முடிவு செய்து, தத்தெடுப்பதற்கு அரசாங்கத்தில் பதிவு செய்தோம். வருடங்கள் போயின. எந்தத் தகவலும் இல்லை. தினமும் செபமாலை முடிந்ததும் ஒரே வரி: "ஆண்டவரே, எங்கள் வீட்டுக்கு ஒரு குழந்தையைத் தாரும்."

மில் மூடிய பிறகு இன்னொரு வரியும் சேர்ந்தது. "எங்களுக்கு ஒரு வழி திறந்துவிடும்." என்னோடு வேலை செய்த பெண்கள் ஒவ்வொருவராக ஜெர்மனிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நானும் ஜெர்மன் படிக்க ஆரம்பித்தேன். டியூட்டி முடிந்து, கால் வீங்கிப்போய், வகுப்பில் உட்கார்ந்து கொட்டாவி விடுவேன். என்னைவிட வயதில் மிகவும் சிறிய பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து கடகடவென்று பேசுவார்கள். முதல் தேர்வில் தவறினேன். மறுபடி எழுதித் தேறினேன். அதற்குள் குழந்தைக்கான செபம் ஒரு பழக்கமாக மட்டும் ஆகிவிட்டிருந்தது. வாய் சொல்லும். மனசு அங்கே இருக்காது.

சென்ற ஆண்டு தவக்காலம். ஒரு செவ்வாய்க்கிழமை ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து வேலை ஒப்பந்தம் வந்தது. அடுத்த வாரத்துக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். நான் முதலில் போக வேண்டும், பிறகு சேவியரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். மூலக்குளத்தில் இருக்கும் என் மாமியாருக்கு போன் செய்து சொன்னேன். அவர் போனிலேயே செபம் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தத்தெடுக்கப் பதிவு செய்திருந்த இடத்திலிருந்து போனில் ஒரு செய்தி வந்தது. உங்களுக்காகக் குழந்தைகளின் விவரம் வந்திருக்கிறது, இரண்டு நாளைக்குள் பதில் சொல்லவும். குழந்தை இல்லை, குழந்தைகள். ஆறு வயதில் அக்கா, மூன்று வயதில் தம்பி. இருவரையும் பிரிக்கக் கூடாது. உடன்பிறந்தவர்கள் என்றாலும் சம்மதம் என்று பதிவு செய்யும்போது சேவியர் குறித்திருக்கிறார். எனக்கு அது மறந்தே போயிருந்தது.

போட்டோவைப் பார்த்தேன். பெண் கேமராவைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாதா என்று விசாரித்தோம். முடியாது. குழந்தைகள் வந்த பிறகு அதிகாரிகள் வந்து வந்து பார்ப்பார்கள், உத்தரவு வர வேண்டும், பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். அதற்குள் வருடம் ஓடிவிடும். அவ்வளவு காலம் அந்த ஆஸ்பத்திரி காத்திருக்காது. குழந்தைகளை வேண்டாம் என்றால் வரிசையில் அடுத்தவர்களிடம் போய்விடுவார்கள்.

நான் இரண்டுக்காகவும்தானே அழுது மன்றாடினேன்? இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, ஒன்றை எடுத்துக்கொள் என்றால் இது என்ன பதில்? அப்படித்தான் கேட்டேன். கோயிலில் முழந்தாளிட்டு அல்ல, சமையலறையில் நின்றுகொண்டு கேட்டேன்.

அடுத்த நாள் செபக்கூட்டத்துக்கு வந்து எனக்காக வேண்டிக்கொள்ளச் சொன்னேன். விவரம் எதையும் சொல்லவில்லை. ஒரு முக்கியமான முடிவு, ஆண்டவரின் சித்தம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஓர் அக்கா என் தலையில் கை வைத்து செபித்துவிட்டு, "ஒரு விமானம் தெரியுதும்மா, தூரமா போவுது" என்றார். சரி, பதில் கிடைத்துவிட்டது என்று எழுந்தேன். செருப்பு மாட்டும்போது இன்னோர் அக்கா கையைப் பிடித்து நிறுத்தினார். "அமலி, எனக்கு ஒரு தொட்டில் காட்டுனாரு ஆண்டவரு. உங்கிட்ட சொல்லிட்டுத்தான் போவணும்னு தோணுச்சு."

இரண்டு அக்காக்களும் இப்போது இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் செபத்தை நான் குறை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சேவியரிடம் சொன்னேன். அவர் கேட்டார்:

"விமானத்துல தொட்டில் கட்டுவாங்களா?"

சிரிக்க வேண்டிய நேரமா அது? ஆனாலும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அழுதேன்.

பிறகு சீட்டுப் போட்டேன். மாதா சுரூபத்துக்கு முன்னால் 'போ' என்று ஒன்று, 'இரு' என்று ஒன்று. கண்ணை மூடி எடுத்தேன். 'போ' என்று வந்தது. மனசில் சந்தோஷம் இல்லை. அந்தப் பெண் தம்பியைப் பார்க்கும் பார்வைதான் வந்தது. செபம் சரியாகச் சொல்லவில்லை என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டு, திரும்பப் போட்டு எடுத்தேன். 'இரு' என்று வந்தது. அப்போதும் சந்தோஷம் இல்லை. இத்தனை நாள் படித்தது வீணா என்றுதான் தோன்றியது. இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

மாமியார் நேரில் வந்தார். "ஆண்டவரு கதவ தொறந்து வுட்டுருக்காரு. நீ வாசல்ல நின்னுக்கிட்டு யோசிக்கிற. ரெண்டு புள்ளைங்க, அதுவும் வளந்த புள்ளைங்க. நாளைக்கு உன்ன அம்மான்னு ஏத்துக்குமா?" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மகன் மில் வேலை போன பிறகு தலை குனிந்து நடந்ததை அவர் பார்த்தவர்.

ஞாயிறு பூசை முடிந்து ஃபாதரைப் பார்த்தேன். நம் பங்குக்குப் புதிதாக வந்தவர், என்னைவிட வயதில் சிறியவர். எல்லாவற்றையும் சொன்னேன். ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள், அதைச் செய்துவிடுகிறேன் என்றேன்.

"எனக்குத் தெரியலம்மா," என்றார். "ரெண்டுமே நல்லதா இருக்கு. ஒண்ணு பாவமா இருந்தா சொல்லியிருப்பேன். நீங்க எத எடுத்தாலும் நான் உங்களுக்காக வேண்டிக்குவேன்."

எனக்கு ஏமாற்றம். ஒரு குருவானவருக்கே தெரியாவிட்டால் நான் எங்கே போவது? ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வாரத்தில் தெரியாது என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். வெளியே வந்து பைக்கில் ஏறும்போது, எதற்கென்று தெரியாமல் மூச்சு கொஞ்சம் லேசாக வந்தது.

அன்று மாலை கெடு முடிகிறது. சேவியர் போனை எடுத்தார். "பாக்காமலே வேணாம்னு சொல்ல எனக்கு மனசு வரல. போய்ப் பாப்போம். அப்புறம் உன் இஷ்டம்" என்றார். சம்மதம் என்பதை அவர்தான் அழுத்தினார். நான் தடுக்கவில்லை. விசுவாசத்தோடு எடுத்த முடிவு என்று இதைச் சொல்ல மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை போனோம். கடலூரையும் தாண்டிப் போக வேண்டும். ஜெர்மனிக்குக் கையெழுத்துப் போட இன்னும் ஓரிரு நாள் இருந்தது. பஸ்ஸில் என்ன செபிப்பது என்றே தெரியவில்லை. "ஆண்டவரே, ஆண்டவரே" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அந்த இல்லத்தின் பொறுப்பாளர் ஓர் அறையில் எங்களை உட்கார வைத்துவிட்டுப் பிள்ளைகளை அழைத்து வந்தார். பெண்ணின் பெயர் யாழினி. தம்பி கவின். அவன் அக்காவின் கவுனைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றான். சேவியர் தரையில் உட்கார்ந்து சாவிக்கொத்தை ஆட்டினார். பையன் மெல்ல மெல்ல நகர்ந்து வந்து அதைப் பிடுங்கினான். அவள் வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாங்கிப்போன பிஸ்கட்டை நீட்டினேன். வாங்கி, பிரித்து, தம்பிக்குக் கொடுத்துவிட்டு உறையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"அவனுக்குக் கத்திரிக்கா புடிக்காது. சாம்பார்ல இருந்தா எடுத்துடணும்."

"சரிம்மா," என்றேன்.

"தண்ணி கேட்டா டம்ளர் நெறைய குடுக்காதீங்க. மேல ஊத்திக்குவான். பாதி குடுங்க. இடி இடிச்சா காத பொத்தணும். இந்தக் காதுல அடிக்கடி வலிக்கும் அவனுக்கு."

எனக்கு முதலில் புரியவில்லை. பிள்ளை ஆசையாகத் தம்பியைப் பற்றிச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். பிறகு உறைத்தது. நான் இத்தனை வருடமாக டியூட்டி முடியும்போது அடுத்த நர்ஸிடம் இப்படித்தான் சொல்லிவிட்டுப் போகிறேன். இந்தக் கட்டிலுக்கு இந்த மருந்து, இவருக்கு இது ஒத்துக்காது, இன்னார் பயப்படுவார், பக்கத்தில் இருங்கள். அவள் தன் டியூட்டியை என்னிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ எங்கம்மா போறே?" என்று கேட்டேன்.

"நான் இங்கதான் இருப்பேன். நான் பெரிய புள்ள."

பெரிய பிள்ளைகளை யாரும் கூட்டிப்போவதில்லை என்று அவளே பார்த்துத் தெரிந்துவைத்திருக்கிறாள். இருவரையும் சேர்த்துத்தான் அனுப்புவார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் நம்பவில்லை.

"ரெண்டு பேருந்தான்," என்றேன். எப்படி வாயில் வந்தது என்று எனக்குத் தெரியாது. நான் அதுவரை முடிவு எடுத்திருக்கவில்லை.

அவள் அப்போதுதான் என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. பொய் சொல்கிறேனா என்று பார்த்தாள்.

அந்த இடத்தில் எனக்கு வெளிச்சம் வந்தது என்று சொன்னால் உங்களுக்கும் கேட்க நன்றாக இருக்கும். வரவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் குழப்பம் இன்னும் கூடியது. இது ஆண்டவரின் குரலா, அல்லது ஒரு பிள்ளையைப் பார்த்துப் பரிதாபப்பட்ட என் மனசா? பரிதாபத்தில் இரண்டு பிள்ளைகளை வளர்க்க முடியுமா? கடலூர் தாண்டும்போது சேவியரிடம் கேட்டேன், "இதுதான் ஆண்டவரோட சித்தம்னு உங்களுக்கு நிச்சயமா தெரியுதா?"

"தெரியல," என்றார். "ஆனா அந்தப் புள்ளகிட்ட நீ ரெண்டு பேரும்னு சொல்லிட்ட."

ஜெர்மனி ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. ஏற்பாடு செய்தவர்களுக்கு போன் செய்து சொன்னேன். பேசி முடித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் அழுதேன். சந்தோஷ அழுகை இல்லை.

பாஸ்கா முடிந்து பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். அதன் பிறகுதான் உண்மையான சோதனை. கவின் சாப்பிட மாட்டான், அக்கா ஊட்டினால்தான் வாய் திறப்பான். யாழினி எங்களை 'ஆன்ட்டி', 'அங்கிள்' என்றே கூப்பிட்டாள். கூப்பிட வேண்டிய தேவை வராமலும் பார்த்துக்கொண்டாள். அவன் எங்கே போனாலும் பின்னாலேயே போவாள். நான் அவனைக் குளிப்பாட்டினால் கதவருகே நின்று, தண்ணீர் காதில் போகிறதா என்று பார்ப்பாள். பள்ளிக்கூடம் போகச் சொன்னால் வயிற்று வலி என்பாள். அவனை விட்டுப் போக மாட்டாள்.

எனக்கோ மாறி மாறி ஷிப்ட். ஒருநாள், என்னோடு ஜெர்மன் படித்தவள் அங்கே ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் படத்தைப் போனில் அனுப்பியிருந்தாள். அன்று நம் கோயிலில் நற்கருணைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "உம் சித்தம் அங்கே இருந்து, நான் தவறவிட்டுவிட்டேனா?" எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும் பதில் இல்லை. கடைசியில், "சரி, அதை நீர் சொல்ல வேண்டாம். ஆனால் இந்தப் பிள்ளைகளோடு என்னைத் தனியே விட்டுவிடாதேயும்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அது ஒரு பெரிய செபம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. களைத்துப்போய்ச் சொன்னது.

அதற்குப் பிறகு சிறுசிறு காரியங்கள் நடந்தன. நான் ரொம்ப காலமாகக் கேட்டுக் கிடைக்காத பகல் டியூட்டி, டயாலிசிஸ் பிரிவில் ஒருவர் விலகியதால் எனக்குக் கிடைத்தது. மாமியார் ஒருநாள் கோபமெல்லாம் முகத்தில் அப்படியே இருக்க, இட்லி மாவோடு வந்து இறங்கினார். "நான் ஒண்ணும் மனசு மாறி வரல. புள்ளைங்க வயிறு காயக் கூடாதுன்னு வந்தேன்" என்றார். அடுத்த நாளும் வந்தார். இன்றுவரை வந்துகொண்டிருக்கிறார்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு ஞாயிறு மதியம். கவினுக்குக் காலையிலிருந்து லேசாகக் காய்ச்சல். மருந்து கொடுத்துப் படுக்க வைத்திருந்தேன். சேவியர் கடைக்குப் போயிருந்தார். நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து சத்தம் வந்தது.

"அம்மா. அம்மா, தம்பி. தம்பிக்கு என்னமோ ஆவுதும்மா."

துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். பையனுக்கு வலிப்பு. கண் மேலே செருகி, கை கால் வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. காய்ச்சலில் சிறு பிள்ளைகளுக்கு வருவதுதான், எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஒருக்களித்துப் படுக்க வைத்தேன், சட்டையைத் தளர்த்தினேன், வாயோரம் துடைத்தேன். "இயேசுவே, இயேசுவே" என்பதைத் தவிர வேறொன்றும் வாயில் வரவில்லை. சிறிது நேரத்தில் இழுப்பு நின்று பிள்ளை அழுதான். அந்த அழுகை மாதிரி இனிமையானதை நான் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ கொண்டுவந்தார். மருத்துவமனையில் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றும் இல்லை என்றார்கள்.

கட்டிலின் ஓரத்தில் யாழினி நின்றுகொண்டிருந்தாள். வந்ததிலிருந்து அவள் ஒரு தடவைகூட அழுது நாங்கள் பார்த்ததில்லை. அன்று விக்கி விக்கி அழுதாள்.

"நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். கண்ணு மூடவே இல்ல. அப்பவும் வந்துடுச்சு."

அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஆறு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு கனமா என்று இருந்தது.

"நீ பாத்துக்க வேணாம்டா செல்லம். அதுக்குத்தான் நான் இருக்கேன். உன்னையும் நான்தான் பாத்துக்கணும்."

என் தோளில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிவிட்டாள். தம்பி விழித்திருக்கும்போது அவள் தூங்கி அன்றுதான் பார்த்தேன்.

சகோதர சகோதரிகளே, அந்தப் பிள்ளையிடம் நான் சொன்ன அதே வார்த்தை எனக்கும் சொல்லப்பட்டது போல இருந்தது. அப்படித்தானா, அல்லது நானாக நினைத்துக்கொண்டேனா, உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஜெர்மனிக்குப் போயிருந்தால் ஆண்டவர் என்னைக் கைவிட்டிருப்பார் என்றும் சொல்ல மாட்டேன். அங்கேயும் கூட இருந்திருப்பார். எது உம் சித்தம் என்று நான் கேட்ட கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் இல்லை. களைப்பில் கேட்டேனே, தனியே விட்டுவிடாதேயும் என்று, அதற்கு மட்டும் பதில் தினமும் வருகிறது. இட்லி மாவாக வருகிறது. பகல் டியூட்டியாக வந்தது. "அம்மா" என்று வந்தது.

என் வாழ்க்கை மாறிவிட்டது. முன்பெல்லாம் முழுத் திட்டத்தையும் காட்டினால்தான் ஒரு காலை எடுத்து வைப்பேன் என்று ஆண்டவரோடு பேரம் பேசுவேன். இப்போது காலையில் எழுந்து, இன்றைக்கு எது முன்னால் இருக்கிறதோ அதைக் காட்டும் என்கிறேன். குழப்பம் போய்விடவில்லை. ஜெர்மன் புத்தகங்கள் அலமாரியில் இருக்கின்றன. ஒருநாள் நால்வரும் போவோமோ, போகவே மாட்டோமோ, தெரியாது. அது என்னை முன்போல் அரிப்பதில்லை.

இங்கே யாராவது இப்போது இரண்டு வழிக்கு நடுவில் நிற்கலாம். வேலையா, படிப்பா, கல்யாணமா, துறவறமா, எதுவோ. அடையாளம் கேட்டு அடையாளம் கேட்டு ஓய்ந்து போயிருக்கலாம். உங்களுக்கு எது சரி என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதை அவரிடம் அப்படியே சொல்லுங்கள். கண்ணுக்கு முன்னால் இருக்கும் நன்மையைச் செய்யுங்கள். குழம்பிய மனசோடு வருகிறவளையும் அவர் கைப்பிடித்து நடத்துகிறார், அதற்கு நான் சாட்சி.

போன வாரம் வீட்டில் பெரிய சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், யாழினி தன் கலர் பென்சிலை உடைத்துவிட்டான் என்று தம்பி முதுகில் ஒன்று வைத்திருக்கிறாள். அவன் அலறுகிறான். "எம்பொருள எடுக்காதன்னு சொல்லுங்கம்மா" என்று அவளும் சண்டைக்கு நிற்கிறாள். இருவரையும் திட்டிவிட்டுச் சமையலறைக்குள் வந்து, அடுப்படியில் நின்றபடியே ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.